பயணப் படங்களுக்குக் கருத்து சொல்வதிலும் கேட்பதிலும் நாம் செய்யும் தவறுகள்

வேலூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனையோ கேமராவையோ எடுத்துக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவோம். விரிஞ்சிபுரம், வள்ளிமலை, அமிர்தி, நேரம் இருந்தால் ஏலகிரி. வெயில் ஏறுவதற்குள் திரும்பி, காட்பாடிப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து படங்களைக் கைமாற்றிப் பார்ப்போம். முதல் ஒன்றரை வருடம் எங்களில் யாருடைய படமும் தேறவில்லை என்பது இப்போது பழையதைப் புரட்டினால் தெரிகிறது. போன இடங்கள்தான் மாறியிருக்கின்றன. டீக்கடையில் நாங்கள் பேசிக்கொண்ட விதத்தில்தான் கோளாறு இருந்தது என்று நம்புகிறேன், அதனால் இதை எழுதுகிறேன்.

படம் எடுத்தவர் செய்யும் தவறில் பெரியது, காட்டுவதற்கு முன்பே கதையைச் சொல்லிவிடுவது. ஏலகிரி போய் வந்த நண்பர் ஒருவர், 14 கொண்டை ஊசி வளைவுகளையும் மழையில் நனைந்தபடி பைக்கில் ஏறியது, பாதியில் பனி வந்து மூடியது, ஒரே ஒரு நிமிடம் அது விலகிக் கீழே ஊரெல்லாம் தெரிந்தது என்று முழுக்கச் சொல்லி முடித்த பிறகு படத்தை நீட்டினார். எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதே படத்தைக் கதை தெரியாத என் அக்காவிடம் காட்டினேன். "என்னடா இது, ஒரே சாம்பலா இருக்கு, ஓரத்துல ஒரு கம்பி நிக்குது" என்றார். அக்கா சொன்னதுதான் உண்மை. நாங்கள் பார்த்தது நண்பர் சொன்ன மழையை, படத்தை இல்லை. அன்றைக்கே யாராவது சரியாகப் பார்த்திருந்தால் உபயோகமாக இரண்டு விஷயம் சொல்லியிருக்கலாம்: பனி வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் அதிகம் என்று கேமரா தப்பாக எண்ணிக்கொண்டு படத்தை இருட்டாக்கிவிடும், அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, நாமே கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும், அப்புறம் பக்கத்தில் ஒரு மரமோ மைல்கல்லோ இருந்தால்தான் பனி எவ்வளவு தூரத்துக்குப் பரவியிருக்கிறது என்று பார்ப்பவருக்குப் புரியும்.

ஆகவே, படத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பத்து விநாடி பார்க்கட்டும். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், அதற்கு "நல்லா இருக்கு" என்ற பதில்தான் வரும். கண் முதலில் எங்கே போனது, அடுத்து எங்கே போனது என்று கேளுங்கள். நீங்கள் கோபுரத்தைக் காட்ட நினைத்து எடுத்த படத்தில் ஓரத்தில் கிடந்த மஞ்சள் குடத்துக்கு முதலில் போனது என்று அவர் சொன்னால், உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. நாற்பது படத்தை மொத்தமாக அனுப்பிவிட்டுக் கருத்துக் கேட்பதும் இதே மாதிரிதான். எது நல்ல படம் என்று பொறுக்குகிற வேலையை அடுத்தவர் தலையில் கட்டுகிறோம். ஐந்தைத் தேர்ந்தெடுத்துக் காட்டினால் போதும்.

சரி, கருத்து சொல்பவர் பக்கம் வருவோம். விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படத்தை அளப்பது நம்மிடம் நிறைய இருக்கிறது. வேலூர்க் கோட்டை 16ஆம் நூற்றாண்டில் கருங்கல்லால் கட்டியது, சுற்றிலும் அகழி. காற்று இல்லாத காலையில் மதில் அப்படியே தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். எங்களில் ஒரு பெண் அதை எடுத்து, மதிலும் தண்ணீரில் தெரியும் பிம்பமும் சரிபாதியாக வரும்படி, இரண்டும் சந்திக்கும் கோடு நடுவில் இருக்குமாறு வைத்திருந்தார். உடனே ஒருவர், கோடு நடுவில் வரக்கூடாது, மூன்றில் ஒரு பங்கில்தான் வர வேண்டும் என்றார். அந்தப் படத்தின் அழகே இரண்டு பாதியும் சமமாக இருப்பதுதான்! என்ன செய்ய நினைத்தார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தப் பெண் எல்லாப் படத்தையும் மூன்றாகப் பிரித்தே எடுத்தார், அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

குறையைச் சொல்லிவிட்டுக் காரணத்தை விட்டுவிடுவதும் உண்டு. "கோபுரம் சாயுது" என்றால் அவர் என்ன செய்வார்? கீழே நின்று கேமராவை மேல்நோக்கித் தூக்கினால் நேர்க்கோடுகள் உள்பக்கம் சாய்ந்துதான் தெரியும், கேமரா நேராக இருக்கும்படி பின்னால் தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள் என்று சேர்த்துச் சொன்னால் அடுத்த ஞாயிறே சரிசெய்துவிடுவார்.

இன்னொன்று, முடியாத யோசனை. கோட்டையின் வாசல் கிழக்குப் பக்கம், காலை வெயிலில்தான் அந்த மதில் பளிச்சென்று இருக்கும். உள்ளூர்க்காரரிடம் அதைச் சொல்லலாம், நாளைக்கே போவார். ஆனால் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலூருக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர். கூட வந்தவர் டாக்டரைப் பார்ப்பதற்கு நடுவே கிடைத்த ஒரு மணி நேரத்தில், மத்தியான வெயிலில் எடுத்த படத்தைக் காட்டும்போது "காலையில வந்திருக்கணும்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அந்த வெயிலில் என்ன எடுக்கலாம், நிழலுக்குள் நின்று வெளியே எப்படிப் பார்க்கலாம் என்று சொல்வதுதான் உதவி.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து "ஷார்ப்பா இல்ல" என்று சொல்லாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது எடுத்தவர் போனிலேயே பாருங்கள். அப்புறம், "போன்ல எடுத்தது தானே" என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம். அதைக் கேட்ட பையன் கடன் வாங்கிக் கேமரா வாங்குவான், இல்லையென்றால் படம் எடுப்பதையே நிறுத்துவான்.

மனிதர்களை எடுத்த படத்துக்கு நாங்கள் வெகுநாள் வெளிச்சத்தைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம். குடியாத்தம் பக்கம் திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் படம், விரல்களில் வெளிச்சம் அருமை, எல்லோரும் பாராட்டினோம். அந்தம்மாவிடம் கேட்டு எடுத்தாயா என்று யாருமே கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவருக்குப் பிடிக்கவில்லை. இப்போது அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறோம், கேட்காமல் எடுத்ததென்றால் அந்தப் படத்தைப் பற்றி மேலே பேசுவதில்லை.

கருத்தைக் கேட்டுக்கொள்பவருக்கு இரண்டு தவறு காத்திருக்கிறது: ஒவ்வொன்றுக்கும் பதில் வாதம் செய்வது, இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் யாளித் தூண் ஒன்றை எடுத்திருந்தேன், வெளியே பளீரென்ற வெயில், தூண் வெறும் கறுப்பு. ஒருவர் ஹெச்டிஆர் (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்ப்பது) போடு என்றார், ஒருவர் கறுப்பு வெள்ளையாக்கு என்றார், ஒருவர் வெயில் பக்கவாட்டில் சரியும் நேரத்தில் போ என்றார். அன்றைக்கு எதுவும் பேசாமல் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்தடுத்து மூன்று தடவை போனேன். ஹெச்டிஆரில் கல்லெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளையில் இருட்டு இருட்டாகவே இருந்தது. ஐந்து மணிக்கு மேல் போனபோதுதான் வெளிச்சம் சாய்ந்து விழுந்து, யாளியின் பல் ஒவ்வொன்றுக்கும் தனி நிழல் இருந்தது.