ஜோட் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜான் ஸ்டைன்பெக்கின் ‘த கிரேப்ஸ் ஆஃப் ராத்’ (1939) பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. நிலம் பறிபோன ஜோட் குடும்பம் ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பிழைப்புத் தேடிப் போகும் நாவல் அது. தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: தன்னலத்திலிருந்து சமூக உணர்வுக்கு. பெயர்ப்பிழை, ஊர்ப்பிழை எல்லாம் தானாகச் சரியாகிவிடும். கீழே இருப்பவை அப்படியல்ல, நான் படித்த காலத்திலிருந்தே தொடர்பவை.

முன்னாள் போதகர் கேஸியின் பேச்சைக் கொண்டு பக்கத்தை நிரப்புவது

வேண்டாம்.

குடும்ப ஒற்றுமைதான் சமூக உணர்வு என்று நினைப்பது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். “துன்பத்திலும் குடும்பம் ஒன்றுபட்டு நின்றது” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஓக்லஹோமாவில் லாரி ஏறுபவர்கள் 13 பேர்: ஜோட் குடும்பத்தார் 12, கேஸி ஒருவர். கடைசியில் கொட்டகைக்கு வந்து சேர்வது 6 பேர். தாத்தாவும் பாட்டியும் வழியிலேயே இறக்கிறார்கள். மூத்த மகன் நோவா ஆற்றோரமாக நடந்து போய்விடுகிறான். மருமகன் கானி கர்ப்பிணி மனைவி ரோஸ் ஆஃப் ஷாரனை விட்டு ஓடுகிறான். கேஸி கொல்லப்படுகிறான், மகன் டாம் தலைமறைவாகிறான், அவன் தம்பி ஆல் தான் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணின் வீட்டாரோடு தங்கிவிடுகிறான். இதில் எங்கே ஒற்றுமை? குடும்பம் சுருங்கச் சுருங்கத்தான் ஜோட் வீட்டு அம்மாவுக்கு ‘நம்மவர்’ என்ற வட்டம் விரிகிறது. அதுவும் லேசில் அல்ல.

வீடற்றவர்கள் கூடாரமடித்துக் கிடக்கும் ஹூவர்வில் முகாமில் அவள் இறைச்சிக் குழம்பு வைக்கிறாள். மணம் பிடித்துப் பட்டினிக் குழந்தைகள் சுற்றி நிற்கின்றன. இருப்பது வீட்டாருக்கே காணாது. அவள் முகம் சுளிக்காமல் எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்ததாக ஒரு மாணவர் எழுதியிருந்தார். எந்தப் பக்கத்தில் படித்தாரோ! நாவலில் அவள் வீட்டாரைத் தட்டுகளோடு கூடாரத்துக்குள் போகச் சொல்கிறாள். மிச்சத்தை வழித்துத் தின்னப் பானையைக் குழந்தைகளிடம் விட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போகிறாள். பிறகு ஒரு குழந்தையின் தாய் வந்து அதற்கும் சண்டை பிடிக்கிறாள். இந்தத் தடுமாற்றத்தைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது அம்மாவுக்கு ஒரு தோத்திரம்தான். மதிப்பெண் போவதும் அங்கேதான்.

தன்னலம் பார்ப்பவர்களை வில்லன் ஆக்குவது

டிராக்டர் ஓட்டிக் குத்தகைக்காரர்களின் வீடுகளை இடிப்பவன் அதே ஊர்ப் பையன். நாளுக்கு 3 டாலர் கூலி, அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள். உன் 3 டாலருக்காகப் பதினைந்து இருபது குடும்பம் பட்டினி கிடக்கிறது என்று குத்தகைக்காரர் முகத்துக்கு நேரே கேட்கிறார். அதற்காக அவன் வண்டியை விட்டு இறங்கிவிடவில்லை. ஜோட் குடும்பம் மட்டும் என்ன? பீச் தோட்டத்தில் பெட்டிக்கு 5 சென்ட் என்று உள்ளே போகிறார்கள். வெளியே வேலைநிறுத்தம் நடப்பதே அப்போது அவர்களுக்குத் தெரியாது.

ரூத்தியை மறப்பது

அரசு முகாமில் ஜோட் வீட்டுச் சிறுமியான இவள் இன்னொருத்தியின் குரோக்கே (மட்டையால் பந்தை அடித்து உருட்டும் ஆட்டம்) மட்டையைப் பிடுங்குகிறாள். யாரும் திருப்பி அடிக்கவில்லை. எல்லாரும் விலகி, அவளைத் தனியே ஆட விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அழுதுகொண்டு ஓடுகிறாள். முகாமில் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சான்று எனக்குத் தெரியாது. கட்டுரைகளில் இது தலைகாட்டுவதே இல்லை.

இடையத்தியாயங்களைத் தாண்டுவது

ஜோட் குடும்பத்தின் கதையை நிறுத்திவிட்டுப் பொதுவாக அக்கால மக்களின் நிலையைப் பேசும் அத்தியாயங்கள் இவை; 30இல் 16. இந்தத் தலைப்புக்கு நேராகப் பேசும் 17ஆவதைப் படிக்காமல் எழுத உட்காராதீர்கள்.

கடைசிக் காட்சிக்கு ஒரே தாவலில் போவது

ரோஸ் ஆஃப் ஷாரன் முன்பின் தெரியாத ஒருவருக்குப் பாலூட்டுவதை எல்லாரும் எழுதுகிறார்கள். அதற்குச் சற்று முன் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து மழையில் வெள்ளத்தைத் தடுக்கக் கரை கட்டுகிறார்கள், ஒரு மரம் சாய்ந்து கரை உடைகிறது. ஒன்றுசேர்ந்தும் தோற்ற அந்த இரவையும் எழுதுங்கள்.