வெட்டிய புல்லை அங்கேயே விடாதீர்கள்: கென்ட் புல்வெளிகளில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன சனிக்கிழமை, இங்கிலாந்தின் தென்கிழக்கிலுள்ள கென்ட்டில், எங்கள் ஊர்ச் சரிவில் புல் அறுக்கும் வேலை. காட்டுப்பூப் புல்வெளியைப் பராமரிக்கும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த நான்கு பேர் காலை முழுக்கத் தலை நிமிராமல் வெட்டினார்கள். மதியம் பிரஷ்கட்டரை அணைத்துவிட்டு ஒருவர், "புல் அப்படியே கிடக்கட்டும், மண்ணுக்கு நல்லதுதானே?" என்றார். பதினொரு ஆண்டுகளுக்கு முன் அதே சரிவில் நின்றுகொண்டு அதையே சொன்னவன் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பூட்ஸ், கண்ணாடி, கையுறை பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விட்டுவிடுகிறேன்.

மார்ச்சில் புதர்வேலியை வெட்டுவது

ஆகஸ்ட் முடியும்வரை தொடாதீர்கள். பறவை குடியிருக்கும் கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

வெட்டிய புல்லை அங்கேயே விடுவது

நான் வயற்காட்டில் வளர்ந்தவன். தழையை மடக்கி உழுதால் மண் கொழுக்கும் என்பது சிறுவயதிலேயே மனதில் பதிந்த பாடம். நெல்லுக்கு அது சரி. நார்த் டவுன்ஸின் சுண்ணக் குன்றுகளில் அந்தப் பாடம் தலைகீழ்.

இங்கே மேல்மண் சில அங்குலம்தான், கீழே வெறும் சுண்ணப்பாறை. தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. அந்த ஏழ்மைதான் இந்த இடத்தின் சொத்து. சத்து இல்லாததால் முரட்டுப் புற்களால் ஓங்கி வளர முடியாது, சிறு செடிகள் அத்தனைக்கும் வெயில் கிடைக்கும். நல்ல சுண்ணப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள் வரை இருக்கும். முழங்காலிட்டு எண்ணிப் பாருங்கள், நேரம் போவதே தெரியாது.

இந்த ஏழ்மை தானாக வந்ததல்ல. தென் இங்கிலாந்தின் சுண்ணக் குன்றுகளில் பகலெல்லாம் ஆடுகளை மேய விட்டு, இரவில் கீழே வயலில் கிடை போடுவார்கள். குன்றின் சத்து எருவாக வயலுக்கு இறங்கும். நூற்றாண்டுக் கணக்கில் நடந்த இந்த வேலை பின்னர் நின்றுபோனது. மீதியை முயல்கள் பார்த்துக்கொண்டன. 1953 இல் மிக்சோமடோசிஸ் நோய் பிரிட்டனில் முதலில் தலைகாட்டியது இதே கென்ட்டில்தான். சில ஆண்டுகளில் நாடு முழுவதும் முயல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன, மேய ஆளில்லாத சரிவுகளில் புதர் ஏறியது. ஆடும் முயலும் செய்த வேலையைத்தான் இப்போது நாம் பிரஷ்கட்டரும் புல்லை வாரும் ரேக்குமாகச் செய்கிறோம். வெட்டுவது அதில் பாதி. மீதிப் பாதி, வெட்டியதை வெளியே கொண்டுபோவது.

நாங்கள் அந்த மீதிப் பாதியைச் செய்யவில்லை. வெட்டிய மறுநாள் சரிவு சலூனுக்குப் போய்வந்த தலை மாதிரி அழகாக இருந்தது. மூன்று இலையுதிர் காலம் இப்படியே போனது. நான்காவது ஆண்டு, புல்வெளியைப் பராமரித்தே வயதான ஒரு பெண்மணி வந்தார். பேசாமல் குனிந்து, காய்ந்த புல்லை விரலால் கம்பளம் போல உரித்துத் தூக்கினார். அடியில் ஈரம், நத்தை முட்டை, புளித்த வாசனை. நடுவில் ஒரு தேனீ ஆர்க்கிடின் இலைக்கொத்து, வெளுத்து, நுனி அழுகி. இந்த ஆர்க்கிட் இலையுதிர் காலத்திலேயே இலை விட்டு, குளிர்காலம் முழுக்க அந்த இலையால்தான் உயிர் வாழும். நாங்கள் போர்வை போர்த்தியது சரியாக அந்த நேரத்தில். முதல் ஆண்டு எண்ணும்போது இரு கை விரல்களும் போதவில்லை. அந்த ஆண்டு பூத்தது ஒன்றே ஒன்று.

அழுகிய புல் மண்ணுக்குள் இறங்கியதும் தொட்டாற்சுருக்கென்று கொட்டும் நெட்டில் வந்தது. ஹார்ஸ்ஷூ வெட்ச் ஒதுங்கியது. சாக்ஹில் புளூ வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும் செடி அது ஒன்றுதான். செடி போனதும் பூச்சியும் போய்விட்டது. கடைசியில் கொழுத்த மேல்மண்ணைச் சுரண்டி எடுக்க டிக்கர் என்ற மண் தோண்டும் இயந்திரம் ஒன்றை, சிறியதாகப் பார்த்து, வாடகைக்கு எடுத்தோம். அந்த ஆண்டு கைவசம் இருந்த நிதியில் பாதிக்கு மேல் அதற்கே போனது. மூன்று சனிக்கிழமை மதியம் ரேக் பிடித்திருந்தால் ஒரு பென்னி செலவில்லை. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ஏழை மண்ணுக்கு எவ்வளவு பலம் என்று பார்க்க வேண்டுமானால் டோவர் பக்கம் சாம்ஃபயர் ஹோவுக்குப் போங்கள். இங்கிலாந்தையும் பிரான்ஸையும் கடலுக்கடியில் இணைக்கும் சானல் சுரங்கம் தோண்டியபோது வந்த 49 லட்சம் கன மீட்டர் சுண்ணக்கல்லைக் கடலோரம் கொட்டி உருவாக்கிய நிலம். அங்கே காட்டுப்பூ விதை தூவினார்கள். ஏர்லி ஸ்பைடர் ஆர்க்கிட்டை யாரும் நடவில்லை. தானாக வந்து, ஆயிரக்கணக்கில் பூக்கிறது.

சரி, எப்படிச் செய்வது? பூ முடிந்து விதை முற்றியதும் வெட்டுங்கள். இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும், ஒருமுறை புரட்டிப் போட்டால் விதை உதிரும். ஒரு வாரம் தாண்ட விடாதீர்கள். ரேக்கை மண்ணில் கொஞ்சம் அழுத்தி இழுங்கள், கீறல் விழுந்தால் விதைக்கு இடம் கிடைக்கும். குவியலைப் புல்வெளிக்குள் போடாமல் புதர் ஓரத்தில், ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் போடுங்கள். அந்தக் கதகதப்பில் கிராஸ் ஸ்நேக் என்ற பாம்பு முட்டையிட வரும்.

ஆட்களைப் பிரிக்கும்போதே வெட்ட ஒருவர் என்றால் ரேக்கால் வாரி எடுக்க மூவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேர் வரவில்லையா? பாதிச் சரிவை மட்டும் வெட்டுங்கள்.

எல்லோ ராட்டில் விதையை வசந்தத்தில் தூவுவது

முளைக்காது. அதற்கு ஒரு குளிர்காலம் வேண்டும். புல்லின் வேரை உறிஞ்சி அதன் கொட்டத்தை அடக்கும் அருமையான செடி இது. காய்ந்த காயை ஆட்டினால் கலகலக்கும், நம்மூர்க் கிலுகிலுப்பை போலவே காரணப் பெயர். அந்த ஆண்டு எடுத்த விதையை இலையுதிர் காலத்தில், கீறிய மண்ணில் தூவுங்கள்.

ஒரு குளத்துச் செடியை இன்னொரு குளத்தில் விடுவது

கூடவே ஆர்வமாக வருவது நியூசிலாந்து பிக்மிவீட் என்ற நீர்க்களை. ஒரு துணுக்குத் தண்டு போதும், குளத்தையே மூடிவிடும். 2014 முதல் இங்கிலாந்தில் அதை விற்கவே தடை. பூட்ஸைக் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த குளம்.

கல்லறைக் கல்லைத் தேய்ப்பது

பழைய தேவாலய வளாகத்தில் வேலை என்றால் யாராவது ஒருவர் கம்பி பிரஷோடு வந்துவிடுகிறார். கல்லின் மேல் சாம்பலும் ஆரஞ்சுமாகப் படிந்திருப்பது அழுக்கல்ல, கல்பாசி. நாம் குழம்புக்குத் தாளிப்பதும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். பல வகைகள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்று, அடியில் படுத்திருப்பவரின் கொள்ளுப்பேரனைவிட மூத்ததாக இருக்கலாம். தேய்த்தால் பாசியோடு எழுத்தும் உதிரும்.

பெயரைப் படிக்க வேண்டும், அவ்வளவுதானே? மாலை மங்கியதும் கல்லின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக டார்ச் அடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வரும்.