பழைய இறக்குமதித் துப்பாக்கி: வரிசை எண்ணைப் பிழையின்றிப் பதிவது எப்படி?

அமெரிக்காவில் பழந்துப்பாக்கி சேகரிப்போருக்கான உரிமம் வைத்திருப்பவர், வாங்கியதை அடுத்த வேலைநாள் முடிவதற்குள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். விற்றதை 7 நாளுக்குள். தயாரிப்பாளர், இறக்குமதியாளர், மாடல், வரிசை எண், வகை, காலிபர் (குழல் துளையின் அளவு) எல்லாம் வேண்டும்.

முதலில் தோட்டா இல்லை என்று உறுதி செய்யுங்கள். எண்மீது படிந்த காஸ்மோலின் கிரீஸை மினரல் ஸ்பிரிட் (பெயிண்ட் கரைப்பான்) நனைத்த துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்: எண் தேய்ந்தால் சட்டச் சிக்கல். எழுத்து மங்கலா? டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் படமெடுங்கள்.

அதிகம் தவறுவது எழுத்துகளில்தான். ஜெர்மன் ராணுவ ரைஃபிளான கே98கே-யில் எண்ணுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு சிறு எழுத்து இருக்கும். சுமார் 10,000 துப்பாக்கிக்கு ஒருமுறை எண் மறுபடி தொடங்கி, எழுத்து மட்டும் மாறும். அதை விட்டுவிட்டால், அதே ஆலையில் அதே ஆண்டில் வந்த பல துப்பாக்கிகளுக்கும் உங்கள் பதிவு பொருந்தும். ஆலைக் குறியீட்டையும் ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

ரஷ்ய ராணுவ ரைஃபிளான மோசின்-நாகாந்தில் வேறு தொல்லை: எழுத்துகள் ரஷ்ய மொழியில் இருக்கும். ஆங்கில 'எச்' (H) போலத் தெரிவது அங்கே 'என்' (N). 'பி' (P) போன்றது 'ஆர்' (R). குழல் துப்பாக்கியின் உடலோடு சேரும் பின்பகுதியில் உள்ள எண்ணையே பதிவுக்கு எடுங்கள். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்), மேகசின் (தோட்டா அறை) அடித்தகடு, மரக்கட்டையின் பின்முனைத் தகடு ஆகியவற்றின் எண்கள் பழுதுபார்த்தபோது மாற்றி அடிக்கப்பட்டவையாக இருக்கலாம். அவற்றைக் குறிப்புப் பத்தியில் தனியாக எழுதலாம்.

இறக்குமதியாளர் பெயரும் ஊரும் பெரும்பாலும் குழல் முனையருகே பொடியெழுத்தில் இருக்கும். லென்ஸ் கையில் இருக்கட்டும்.