கார்டில் கால் பூட்டினால் போதாது, தலையை இறக்குங்கள்

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஜியு-ஜிட்சு என்ற, தரையில் பிடித்து மடக்கும் சண்டைக்கலையைப் பழக வரும் பையன்கள் பலருக்கு அடிமுறையோ களரியோ கொஞ்சம் தெரிந்திருக்கும். நின்று ஆடிப் பழகிய உடம்பு. மல்லாந்து படு என்றால் கூச்சப்படுவார்கள், ஏனென்றால் மல்யுத்தத்தில் முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. இங்கே அந்தக் கணக்கு செல்லாது; மல்லாந்து படுத்து எதிராளியைக் கால்களுக்கு நடுவே வைத்திருக்கும் நிலைக்குத்தான் கார்டு என்று பெயர். அவர் உங்கள் கால்களைத் தாண்டிப் பிடித்தால்தான் அவருக்கு 3 புள்ளி. அதற்குள் நீங்கள் அவரைப் புரட்டி மேலே வந்துவிட்டால் உங்களுக்கு 2.

சரி, அவர் இடுப்பைச் சுற்றிக் காலைப் பூட்டியாயிற்று. அப்பாடா என்று அப்படியே படுத்துக்கிடப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. அவர் முதுகு நிமிர்ந்திருக்கும்வரை பலம் முழுக்க அவரிடம்தான், பூட்டை எப்போது வேண்டுமானாலும் உடைப்பார். வலது கையைக் குறுக்கே விட்டு அவருடைய வலப்பக்கக் காலரை, நான்கு விரலும் உள்ளே போக, கழுத்துக்குப் பின்னால் வரை ஆழமாகப் பிடியுங்கள். இடது கை அவருடைய வலது சட்டைக்கையில். இப்போது கையால் மட்டும் இழுக்காதீர்கள், தோள்தான் வலிக்கும்; இரண்டு முழங்காலையும் உங்கள் நெஞ்சை நோக்கி மடக்குங்கள், அவர் இடுப்பு முன்னால் தள்ளப்பட்டு உடம்பு தானாகக் கவிழும், அந்த நொடியில் கைகள் தலையை நெஞ்சோடு கொண்டுவர வேண்டும். காலும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யாவிட்டால் எத்தனை பலம் இருந்தாலும் வீண்.

நம் பக்கம் இரண்டு பருவமழையும் வரும், கி என்ற தடித்த பயிற்சி உடை காயவே காயாது, அந்த மாதங்களில் கி இல்லாமல்தான் பயிற்சி. பிடிக்கக் காலர் இருக்காது. வியர்வையில் மணிக்கட்டு வழுக்கும். அப்போது ஒரு கையைப் பிடரியில் வைத்து, மற்றதை அவர் கைக்கு மேலாகச் சுற்றி அக்குளோடு இறுக்கிக்கொள்ளுங்கள்.

தலை இறங்கியதும் நேராகவே கிடக்காமல், இடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி அவர் காது தெரியும் அளவுக்குச் சாய்வாகத் திரும்புங்கள். அப்புறம் அவர் என்ன செய்தாலும் ஏதோ ஒன்றைத் தருவார்: கையைத் தரையில் ஊன்றினால் அந்தக் கையை முதுகுப்பக்கம் முறுக்கும் கிமுரா, பின்னால் எழுந்து உட்கார்ந்தால் கூடவே எழுந்து இடுப்பால் மோதிப் புரட்டலாம், உங்கள் கால்களுக்கு ஒரு கை உள்ளே ஒரு கை வெளியே என்றால் கால்களால் கழுத்தை நெரிக்கும் டிரையாங்கிள். 1994இல் யுஎஃப்சி 4 என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் இறுதியில், தன்னைவிட 30 கிலோவுக்கு மேல் கூடுதலான டான் செவர்னுக்கு அடியில் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி கால் மணி நேரம் கிடந்தார், பிறகு டிரையாங்கிள் போட்டுத்தான் முடித்தார். எனக்கு அந்தப் பொறுமைமேல்தான் பெரிய மரியாதை.

அவர் உங்களைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் பிடிவாதம் வேண்டாம், காலை விடுங்கள். தரையில் அறைந்தால் முதுகெலும்புக்கு ஆபத்து.

இந்த வாரம் இது ஒன்றை மட்டும் பழகிப் பாருங்கள். புரட்டவும் வேண்டாம், கிமுரா, டிரையாங்கிள் எதுவும் போடவும் வேண்டாம், 2 நிமிடம் அவரை நிமிரவிடாமல் வைத்திருங்கள்; தலை உங்கள் நெஞ்சைவிட்டு எழுந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள்.