கம்மி விலை டெஸ்க்டாப்பில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது

அக்கா மகள் பி.காம் சேர்ந்ததும், டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் பழக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று பக்கத்துக் கடையில் கொட்டேஷன் வாங்கி வந்தாள். "மாமா, இந்த விலைக்கு ஐ5 போட்டே தராங்களாம்" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஐ5, 8 ஜிபி, 1 டிபி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை), 19 இன்ச் மானிட்டர். இதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. கடைக்கு போன் போட்டு ப்ராசஸரின் முழு மாடல் நம்பரைக் கேட்டேன், ஐ5-2400 என்றார்கள்.

அதில் முதலில் இருக்கும் 2 இரண்டாம் தலைமுறையைக் குறிக்கிறது, அதாவது 2011-இல் வந்த ப்ராசஸர். 2022-இல் வந்த ஐ3-12100-க்குப் பக்கத்தில்கூட அது நிற்காது. ஐ3, ஐ5 என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதோடு வரும் எச்61 மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் பொருத்தும் பலகை) 'பெட்டி பிரிக்காத புதுசு' என்பார்கள், புதிதாகவே தயாரித்ததாகவும் இருக்கலாம், ஆனால் அதில் டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம்தான் ஏறும், இன்றைய ப்ராசஸர் எதுவும் உட்காராது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ப்ராசஸர் பட்டியல் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்படியானால் வாங்கும் அன்றே அது பழைய மெஷின்.

கையில் இருக்கும் காசு குறைவென்றால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும், அதில் தப்பே இல்லை. பின்னால் மாற்றிக்கொள்ள முடிகிற பொருளில் இப்போது குறைத்துக்கொள்ளுங்கள், போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் கை வைக்காதீர்கள். எச்610 போர்டும் ஐ3-12100-உம் போட்டால், பிறகு பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து அதே போர்டில் 14-ஆம் தலைமுறை வரை ஏற்றலாம். ஒன்று கவனியுங்கள், 12100எஃப் என்று கடைசியில் எஃப் இருந்தால் கொஞ்சம் விலை குறையும், ஆனால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது, தனியாக கார்டு வாங்காமல் மானிட்டரில் படமே வராது.

1 டிபி ஹார்ட் டிஸ்க்கை விட 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மேல். இடம் போதவில்லை என்றால் பிறகு ஒரு ஹார்ட் டிஸ்க் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் விண்டோஸை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் டெஸ்க்டாப் வரும்வரை காத்திருப்பது கொடுமை. ரேம் 8 ஜிபி போதும், ஒரே ஸ்டிக்காக வாங்கி இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற ப்ராசஸரில் கேம் ஆடப்போகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அந்த கிராஃபிக்ஸ் ரேமைத்தான் பங்கு கேட்கும், அதனால் 8 ஜிபி ஸ்டிக் இரண்டு போட்டால்தான் வேகம் தெரியும்.

அப்புறம் எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு சேர்த்தே வரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். +12வி என்ற கட்டத்தின் கீழே 14ஏ என்று போட்டிருந்தால், 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள், 168 வாட். ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் போகும் மின்சாரம் அந்த லைனில்தான் வருகிறது, மேலே பெரிதாக அச்சடித்த 450-இல் இருந்து இல்லை. நம் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்கும் லட்சணத்துக்கு மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம். நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ், ஒரு 600 விஏ யுபிஎஸ், இந்த இரண்டுக்கும் காசை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

கம்பெனிகள் கழித்துவிடும் டெல் ஆப்டிப்ளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர் போன்ற ரீஃபர்பிஷ்டு மெஷின்கள் எட்டாம் தலைமுறைக்கு மேல் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும், போனால் சாதாரணக் கடைச் சரக்கு பொருந்தாது.

மானிட்டர் விஷயத்தில் 1366-க்கு 768 உள்ள பழசைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். எக்செல்லில் நாலு நெடுவரிசை அதிகமாகத் தெரிவது சின்ன விஷயம் இல்லை, நல்ல 1920-க்கு 1080 மானிட்டர் அடுத்த கம்ப்யூட்டருக்கும் உதவும்.

'விண்டோஸ் ஃப்ரீயா போட்டுத் தரோம்' என்பதற்குச் சரி சொல்லாதீர்கள். லைசென்ஸ் இல்லாத விண்டோஸை ஓட வைக்க, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடும் ஆக்டிவேட்டருக்குள் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது, அதே மெஷினில்தான் நீங்கள் நெட் பேங்கிங் திறப்பீர்கள். படிக்க, எழுத, இணையம் பார்க்க மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆஃபிஸ் போதும், இரண்டும் இலவசம். டேலிக்கு விண்டோஸ் வேண்டும் என்பதால் எங்கள் கணக்கில் லைசென்ஸ் விலையையும் சேர்த்தோம்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். ப்ராசஸர் பெயர், ரேம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, டிஸ்க் எஸ்எஸ்டியா இல்லையா, எல்லாம் அங்கே தெரியும். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள், வாரண்டிக்குப் போகும்போது அதைத்தான் கேட்பார்கள்.

அக்கா மகள் கடைசியில் ஐ3-12100-தான் எடுத்தாள், ஸ்பீக்கரையும் கண்ணாடிக் கேபினட்டையும் விட்டுவிட்டாள். டேலி நன்றாகவே ஓடுகிறது, இரண்டாவது ரேம் ஸ்லாட் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.