ஹாட் டப்பில் புதுத் தண்ணீரா? குளோரினைக் கடைசியில் போடுங்கள்

இந்த ஆண்டும் கும்பகோணத்திலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் பிள்ளைகள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே இருந்துவிட்டுத் திரும்பியவன் என்பதால் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து கேள்வி கேட்கிறார்கள். பெரும்பாலானவற்றுக்கு அரசு இணையதளத்திலேயே பதில் இருக்கிறது. சமூகக் காப்பீட்டு எண்ணை உடனே வாங்கிவிடுங்கள். மாகாண மருத்துவக் காப்பீட்டுக்கு இறங்கியதும் விண்ணப்பியுங்கள். வந்த மாதத்தின் மிச்ச நாட்களும் அதன் பின் 2 மாதங்களும் காத்திருப்புக் காலம். வீட்டுச் சேதத்துக்கான முன்பணம் அரை மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். குடிபுகும்போது வீட்டுக்காரரோடு சேர்ந்து வீட்டின் நிலையைப் பார்த்து எழுதிக் கையெழுத்திடுவீர்கள். அப்போது ஹாட் டப்பின், அதாவது உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியின், உட்புறத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

ஹாட் டப்பா என்று சிரிக்காதீர்கள். வாடகை குறைவென்று ஊருக்கு வெளியே வீடு பிடித்தால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும், கொல்லைப்புறத்தில் இந்தத் தொட்டியும் சேர்ந்தே வாய்க்கலாம். காவிரிப் படித்துறையில் முங்கி எழுந்தவனுக்கு 40 டிகிரி வெந்நீரில் உட்கார்ந்திருப்பது ஒரு குளியலா என்றுதான் எனக்கு இன்னமும் தோன்றுகிறது. ஆனால் பனி பெய்யும் மாலையில் முழங்கால் வேறு கருத்துச் சொல்லும். 3, 4 மாதங்களுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். அது குடியிருப்பவர் வேலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள்.

என் நண்பர் ஒருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக்காரர். நாக்கில் ஒரு சொட்டு வைத்தே தண்ணீரின் உப்பைச் சொல்லிவிடுவார். அங்கே அவர் ஹாட் டப்பில் பிடித்த கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. கடைக்காரர் சொன்னபடி குளோரினை நிறையக் கொட்டினார். சற்று நேரத்தில் தொட்டி முழுக்கத் தேநீர் நிறம். அழுக்கு என்று நினைத்து இன்னும் கொட்டினார். நிறம் கூடியது, உட்சுவரில் செங்கறை பிடித்தது. செம்பு அண்டாவைத் துலக்குவது போலப் புளியும் நாருமாகத் தேய்த்ததில் தொட்டியின் அக்ரிலிக் பிளாஸ்டிக் முழுக்கக் கீறல். முன்பணம் முழுவதும் போயிற்று. குளோரின் விற்ற கடைக்காரர், கிணற்றுத் தண்ணீரா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

நடந்தது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதே அல்ல. போர் தண்ணீரை அண்டாவில் பிடித்து இரவு முழுக்க விட்டுவைத்தால் காலையில் அடியில் செவ்வண்டல் தங்கும், மேலாக இறுத்துக்கொள்வோம். கரைந்திருக்கும் இரும்புக்கு நிறமில்லை. காற்றுப் பட்டால் அது மெதுவாகத் துருவாகும். குளோரின் பட்டால் சட்டென்று துருவாகும். அண்டாவில் அது படிவதுதான் நமக்கு வேண்டும். ஹாட் டப்பிலோ நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் துரு சுவரிலும் வடிகட்டியிலும் ஹீட்டரிலும் ஒட்டிக்கொள்ளும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பு இருந்தாலே கறைக்குப் போதும்.

எனவே தொட்டியில் பிடிக்கும் முன் ஒரு வெள்ளை வாளியில் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் குளோரினைக் கரைத்துப் பாருங்கள். பழுப்பானால் இரும்பு. கறுத்தால் பெரும்பாலும் மாங்கனீசு. நிறம் மாறாவிட்டாலும் கடையில் ஒரு முறை சோதித்துக்கொள்வது நல்லது.

பழைய நீரை வடிக்கும் முன் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிடுங்கள். புது நீரைத் தோட்டக் குழாயின் முனையில் மாட்டும் வடிகட்டி வழியாகப் பிடியுங்கள். நிறைந்ததும் முதலில் போட வேண்டியது, உலோகத்தைத் துருவாக விடாமல் நீரிலேயே கட்டிவைக்கும் மருந்து. 'மெட்டல் கன்ட்ரோல்' என்பது போன்ற பெயர்களில் விற்கிறார்கள். போட்டு, பம்பை ஓடவிட்டு, புட்டியில் சொன்ன நேரம் வரை காத்திருங்கள். பிறகு காரத்தன்மையை லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராமுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பின் பிஎச் (நீரின் அமிலத்தையும் காரத்தையும் காட்டும் எண்) 7.2 முதல் 7.8 வரை, கால்சியம் லிட்டருக்கு 150 முதல் 250 மில்லிகிராம் வரை. எல்லாம் அமைந்த பிறகே குளோரின், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. குளோரின் லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தொடும்வரை யாரும் இறங்கக் கூடாது, விருந்தாளி வாசலில் நின்றாலும் சரி. கட்டிவைக்கும் மருந்து நாளடைவில் சிதைந்துவிடும். புட்டியில் சொன்ன இடைவெளியில் மறுபடி சேர்க்க வேண்டும்.

கறை ஏற்கெனவே விழுந்திருந்தால் அதன் மேல் ஒரு வைட்டமின் சி மாத்திரையை அழுத்திப் பிடியுங்கள். வெளுத்தால் அது இரும்புக் கறை. புளி, நார் எதுவும் வேண்டாம்.

தண்ணீர் தெளிவாகவே இருந்து பச்சை ஓடினால் பாசி என்று குளோரினைக் கொட்டாதீர்கள். அது செம்பாக இருக்கலாம். பிஎச் இறங்கிய நீர் ஹீட்டரையும் செம்புக் குழாயையும் அரிப்பதால் வருவது. வெளுத்த தலைமுடி பச்சையாவதும் இதனால்தான். சில பாசிக்கொல்லிகளிலும் செம்பு உண்டு. வாங்கும் முன் புட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

கடும் குளிரில் தொட்டியைக் காலி செய்யாதீர்கள். குழாயில் தங்கிய நீர் உறைந்து விரிசல் விட்டால் வரும் பில் கறையைவிடப் பெரியது. நம் ஊரில் ஐப்பசி மழை பிடிக்கும் நாட்களிலேயே அங்கே தண்ணீரை மாற்றிவிட்டால் மாசி வரை தாங்கும்.