ரங்கூன் வெயிலில் கடுகுக்கீரையைப் புளிக்கவைப்பது

மார்கழி, தை மாதங்களில் ரங்கூன் சந்தைகளில் கடுகுக்கீரை கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பர்மியர்கள் புளிக்கவைத்து மொன்னின்ஜின் என்று தின்பது இதைத்தான். கொரியர்களின் புளித்த கோஸ் ஊறுகாயான கிம்ச்சியைச் செய்யப் பழக வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் முதலில் இதைச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். கிம்ச்சிக்குப் போடுகிற நாப்பா கோஸைவிட (நீளமான சீன முட்டைகோஸ்) மலிவு, வேலையும் பாதி.

தண்டு தடித்த, முற்றிய கீரையாகப் பார்த்து வாங்குங்கள். இளசு குழைந்து போகும். கழுவி, அரை நாள் வெயிலில் வாடப் போடுங்கள். தண்டை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம்.

அப்புறம் உப்பு. மற்ற சமையலுக்கெல்லாம் கைக்கணக்கு போதும், இதற்குத் தராசு வேண்டும். உப்பு குறைந்தால் அழுகவைக்கும் கிருமிகள் முந்திக்கொள்ளும். மிகுந்தால் புளிப்பைத் தருகிற லாக்டிக் அமில பாக்டீரியாவும் சுணங்கிவிடும். கீரை, தண்ணீர் இரண்டின் எடையையும் கூட்டி, அதில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு போடுங்கள். வாடிய கீரை 1 கிலோ, தண்ணீர் 1 லிட்டர் என்றால் கல்லுப்பு 50 கிராம். கீரைக்கு மட்டும் கணக்குப் பார்த்துத் தண்ணீரை விட்டுவிடாதீர்கள்.

தண்ணீருக்கு, அரிசி களைந்த இரண்டாம் கழுநீரைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு எடுங்கள். ஒரு கைப்பிடி சோற்றையும் பிசைந்து போடலாம், பாக்டீரியாவுக்குத் தீனி. இஞ்சி, கீறிய சிவப்பு மிளகாய் உங்கள் இஷ்டம். புளிக்கவைக்க வேறு எதையும் வாங்க வேண்டியதில்லை. பழைய சோற்றைப் புளிக்கவைக்கிற அதே இனம் கீரையின் மேலேயே இருக்கிறது.

கண்ணாடி ஜாடியிலோ ஊறுகாய் ஜாடியிலோ அமுக்கி அடைத்து, மேலே ஒரு கனத்தை வையுங்கள். ஓர் இலைகூடத் தண்ணீருக்கு மேலே தலை காட்டக் கூடாது. காற்றுப் பட்ட இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். அலுமினியம், பித்தளை வேண்டாம். மூடியை இறுக்காதீர்கள், உள்ளே வாயு கிளம்பும்.

குளிர்நாட்டுக் குறிப்புகளில் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று எழுதியிருக்கும். நம் ஊரில் சித்திரையில் இரண்டு மூன்று நாளிலேயே புளித்துவிடும். அதனால் நாள் கணக்குப் பார்க்காமல் தினமும் ஒரு தண்டைக் கடித்துப் பாருங்கள். பச்சை மங்கி மஞ்சளாகும், தண்ணீர் கலங்கும், குமிழி வரும். எல்லாம் சரியான அறிகுறிதான். மேலே வெள்ளை ஏடு படிந்தால் வழித்து எறியுங்கள். பஞ்சு போலவோ, கறுப்பு, பச்சை நிறத்திலோ வளர்ந்திருந்தாலும், அழுகல் நாற்றம் அடித்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

பிழிந்து நறுக்கி, வெங்காயம், வறுத்த நிலக்கடலை, எள், எண்ணெய் சேர்த்து, பர்மியர்கள் கையால் பிசைகிற அத்தோ மாதிரி பிசைந்தால் ஒரு தட்டுச் சோறு இறங்கும். பர்மாவின் ஷான் பகுதி நூடுல்ஸுக்கும் இதுதான் ஜோடி.

இது கைவந்த பிறகு கிம்ச்சிக்குப் போங்கள். கொரிய நாடகம் பார்த்துவிட்டு என் மகள் கேட்டதால்தான் எங்கள் வீட்டுக்குள் அது நுழைந்தது. நறுக்கிய நாப்பா கோஸில் உப்பைப் பிசறி இரண்டு மணி நேரம் வைத்து, அலசி, வடித்துவிட்டு ஒரு துண்டைத் தின்று பாருங்கள். பொரியலைவிட ஒரு படி கூடுதலாக உப்புக் கரிக்க வேண்டும். அரிசி மாவுக் கஞ்சியில் பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூள், மீன் சாஸ் கலந்து பூசி அடைத்துவிடலாம். கொரிய மிளகாய்த்தூளுக்குக் காரம் கம்மி. நம் மிளகாய் என்றால் விதையை உதறிவிட்டுக் கொரகொரப்பாக இடித்து, பாதியளவு போடுங்கள். புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, அந்த மாதம் மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ்.

புளித்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மின்சாரம் போய்ப் போய் வந்தாலும் உடனே கெடாது, புளிப்புதான் ஏறும். ரொம்பப் புளித்ததைப் பன்றிக்கறியோடோ முட்டையோடோ வதக்கிவிடுங்கள்.